நவார்க்காரரும் நாச்சிமுத்து அங்கிளின் சத்தியமும்

1

ஒருவர் சொல்லும் உண்மையை அப்படியே மொழிபெயர்த்தால் அவருக்குத் தீங்கு நேரலாம். ஒரே ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் எல்லாம் சுமுகமாக முடியும். விட்டது யாருக்கும் தெரியவும் தெரியாது. அந்த இடத்தில் அமர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்ய வேண்டும்?

நியூ ஜெர்சியின் குடியேற்ற அலுவலகம் ஒன்றில், சன்னல் இல்லாத ஒரு சிறிய அறையில், இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது. யோசிக்க அவகாசம் இல்லை. அதிகாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு முடிவெடுத்தேன். அது சரிதானா என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்டால், உறுதியாகப் பதில் சொல்ல இன்றும் என்னால் இயலவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி, சமூகப்பணி படித்தவள். வெஸ்ட் வின்ட்சரில் குடியிருந்து, முதியோர் நல அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அது தவிர, சம்பளமில்லாமல் செய்யும் வேலை ஒன்றும் உண்டு. குடியுரிமை நேர்காணலுக்குச் செல்லும் தமிழ்ப் பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகத் துணை போவேன். வயது முதிர்ந்தவர்கள், நெடுங்காலமாக கிரீன் கார்டு வைத்திருப்பவர்களாக இருந்தால், ஆங்கிலத் தேர்விலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு. தங்கள் மொழியிலேயே பதில் சொல்லலாம். மொழிபெயர்ப்பவரை அவர்களே அழைத்துவர வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் பெரியவருடைய கை மட்டும் உயர்வதில்லை. என் கையும் உயர வேண்டும். சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைப்பேன் என்று நானும் உறுதி கூற வேண்டும்.

அந்த உறுதியை நான் எத்தனையோ முறை கூறியிருக்கிறேன். நாச்சிமுத்து அங்கிளுடன் போன நாள்வரை, அது கனமான ஒன்று என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

2

நாச்சிமுத்து அங்கிள் கோபிசெட்டிபாளையத்துக்காரர். மகன் செந்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். இங்குள்ள வழக்கப்படி நான் அவரை அங்கிள் என்று அழைத்தால், "அங்கிளு வந்துட்டேனுங்க அம்மிணி" என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டு வருவார்.

அவருடைய மனைவி சரசுவதிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, வலப்பக்கம் முழுதாகத் திரும்பவில்லை. விமானப் பயணம் இனி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், கோபியில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கிள் அங்கே போய்த் தங்கினால் ஆறு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் விமான நிலையத்தில் கேள்வி எழும். ஓராண்டு கடந்தால் கிரீன் கார்டே கைவிட்டுப் போகலாம். ஆகவே அவர் மனைவியுடன் கொஞ்ச காலம் இருப்பார், பிறகு இங்கே வந்து பனியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார், மறுபடியும் போவார். இங்கே அவர் இருப்பதன் நோக்கமே அங்கே போகும் உரிமையை இழக்காமல் இருப்பதுதான்.

குடியுரிமை பெற்றுவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. இந்நாட்டுக் குடிமகன் எந்த ஊரிலும் எவ்வளவு காலமும் இருந்துவிட்டு வரலாம். அதாவது, கோபியில் நிம்மதியாக வாழ வேண்டுமானால் அவர் இந்தியக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். இங்குள்ள பெரியவர்கள் பலர் இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்கர் ஆகிறார்கள்.

விண்ணப்பம் பற்றிப் பேச நான் அவர்கள் வீட்டுக்குப் போன அன்று, தந்தைக்கும் மகனுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"இந்தக் கார்டைத் திருப்பிக் குடுத்துப்போட்டு நான் ஒரேயடியாப் போயிர்றேன்டா. எதுக்கு இத்தனை ரோதனை?"

"அப்புறம் எங்களைப் பார்க்கணும்னா? விசா கிடைக்கலைன்னா? அம்மா போனப்புறம் அங்க தனியா உக்காந்து என்னப்பா பண்ணுவீங்க?"

"அம்மா போனப்புறமா? நீ இப்பவே தேதி குறிச்சுட்டயா?"

செந்தில் என் பக்கம் திரும்பினார். "பாருங்க ஸ்டெல்லாக்கா. லாஜிக்கா ஒரு விஷயம் பேச முடியாது இவர்கிட்ட."

பேரப்பிள்ளைகள் இருவரும் சோபாவில் படுத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிள் அவர்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு கார்டைத் திருப்பித் தரும் பேச்சை அவர் எடுக்கவில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் வேண்டும். அந்த ஆசையில் தவறு காண என்னால் முடியவில்லை.

3

குடியுரிமை ஏற்கும்போது எடுக்க வேண்டிய உறுதிமொழியை முன்கூட்டியே தமிழில் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். நானும் ஒரு காலத்தில் அதே உறுதிமொழியை எடுத்தவள்தான். அதன் சொற்கள் நினைவில் இல்லை. கைக்குழந்தையாக இருந்த மகள் ஜெனி அன்று விடாமல் அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த உறுதிமொழியின் கடைசிப் பகுதியில் ஓர் இடம் உண்டு: மனத்துக்குள் எதையும் நிறுத்தி வைத்துக்கொள்ளாமல், நழுவும் நோக்கம் இல்லாமல், இந்தக் கடமையை ஏற்கிறேன். இதுவரை அதை ஒரு சடங்குத் தொடராகவே கடந்து போயிருந்தேன். அங்கிளின் நிலைமையை அறிந்த பிறகு கடக்க முடியவில்லை. ஒரு சட்ட ஆவணம் ஏன் மனத்துக்குள் எட்டிப் பார்க்கிறது? ஜெனியிடம் கேட்டேன். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

"மாம், நோபடி லிசன்ஸ் டு தட். இட்ஸ் லைக் டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்."

"நீ தினமும் ஸ்கூல்ல கொடிக்கு உறுதிமொழி சொல்றியே, அதுவுமா?"

"ஐ ஜஸ்ட் மூவ் மை லிப்ஸ்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். என்னுடைய மகள் காலைதோறும் எழுந்து நின்று வாயசைத்துக்கொண்டிருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிரின்ஸ்டனில் இறையியல் நூலகம் ஒன்று இருக்கிறது. அங்கே தேடிப் படித்தபோதுதான் அந்தத் தொடரின் பின்னால் ஒரு மனிதர் நிற்பது தெரிந்தது. பதினாறாம் நூற்றாண்டுக் கத்தோலிக்க இறையியலாளர்; திருச்சபைச் சட்டத்தில் கரைகண்டவர். அக்காலத்தவர் அவரை ஊர்ப் பெயராலேயே நவார்க்காரர் என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

நவார் என்பது வடக்கு ஸ்பெயினின் மலைப்பகுதியில் இருந்த ஒரு சிறிய அரசு. அவர் இளைஞராக இருந்தபோதே அதைப் பெரிய அண்டை அரசு விழுங்கிவிட்டது. அவர் பிரான்சில் படித்தார், கற்பித்தார். பிறகு ஸ்பெயினில், பிறகு போர்ச்சுகலில். முதுமையில், மதக்குற்ற விசாரணை மன்றத்தில் சிக்கிய பேராயர் ஒருவருக்காக வாதாட ரோமுக்குப் போனவர் திரும்பவே இல்லை; தொண்ணூறு வயதைத் தாண்டி அங்கேயே இறந்தார். பிறந்த நாடு இல்லாமல் போனபின், போன நாடுகளில் எல்லாம் யாருக்கு விசுவாசமானவர் என்ற சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர். அந்த வரிகளைப் படித்தபோது அவர் எனக்கு நெடுநாள் அறிமுகமானவர்போல் தோன்றினார். பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்கும் குருக்களுக்காக அவர் எழுதிய கையேடு ஐரோப்பா முழுதும் பரவியது. பிச்சைக்காரரைக் கண்டால் அவருடைய கோவேறு கழுதை தானாகவே நின்றுவிடும், அவ்வளவு கொடுத்துப் பழக்கியிருந்தார் என்றும் ஒரு கதை உண்டு.

இன்னொரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்து சிறுவர்களுக்கு மணியடித்து மந்திரம் கற்பித்த புனிதருக்கு, இவர் தாய்வழி உறவினர். ஒரே குடும்பத்தில் ஒருவர் எங்கள் கடற்கரைக்கு வந்தார். மற்றவர் இந்த உறுதிமொழிக்குள் வந்து சேர்ந்தார்.

அவர் வந்து சேர்ந்த வழி இது. ஒரு பெண்ணிடம் திருமண வார்த்தைகளைச் சொன்ன ஆண், உள்ளத்தில் அந்த எண்ணம் இல்லாமலே சொன்னான். பிறகு நீதிபதி, அந்த வார்த்தைகளைச் சொன்னாயா என்று கேட்கிறார். இல்லை என்று வாயால் சொல்லி, மணக்கும் எண்ணத்தோடு சொல்லவில்லை என்று மீதியை மனத்துக்குள் முடித்துக்கொண்டால் அது பொய்யா? நவார்க்காரர் தம் முதுமையில் இதை ஆராய்ந்தார். வாயில் பாதியும் மனத்தில் பாதியுமாக ஒரே வாக்கியம் அமையலாம். மனிதரின் காது பாதியைத்தான் கேட்கும், இறைவன் முழுவதையும் கேட்பார். முழு வாக்கியம் உண்மையாக இருந்தால், தகுந்த காரணமும் இருந்தால், அது பொய்யன்று என்று முடிவு சொன்னார்.

அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இந்த முடிவு கசக்கிறது. ஆனால் இதே முடிவை நம்பித்தான், கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த இங்கிலாந்தில் தலைமறைவாக இருந்த குருக்களைக் காத்தவர்கள், வாசலில் வந்து நின்ற அதிகாரிகளிடம், இங்கே குரு எவரும் இல்லை என்று சொல்லி உயிர்களைக் காப்பாற்றினார்கள். மீதியை மனத்தில் சொல்லிக்கொண்டார்கள். ஆத்திரமடைந்த ஆட்சி, அடுத்து எழுதிய உறுதிமொழியில் அந்தக் கதவையும் அடைத்தது: மனத்துக்குள் எதையும் மறைத்து வைக்காமல். பின்னாளில் திருச்சபையும் நவார்க்காரரின் வழியைக் கண்டித்து ஒதுக்கியது. அவருக்கு எதிராகப் பூட்டிய பூட்டு மட்டும் கடல் கடந்து இங்கே வந்து, கோபிசெட்டிபாளையத்துப் பெரியவருக்காகக் காத்திருக்கிறது.

4

நேர்காணலன்று செந்தில் காரை ஓட்டினார். அங்கிள் முன்னிருக்கையில், நான் பின்னால். ரூட் ஒன்னில் வண்டிகள் நகராமல் நின்றன.

"அக்கா, அப்பா சில சமயம் எக்ஸ்ட்ராவா பேசிடுவார். நீங்க கொஞ்சம் எடிட் பண்ணிடுங்க, ப்ளீஸ்."

"நான் என்ன எக்ஸ்ட்ராடா பேசறேன்?"

"இதோ, இதுதான்."

மகனுக்கு நான் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. அங்கிளை அமைதிப்படுத்த எண்ணி, நவார்க்காரரின் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, மீதியை மனத்தில் சொல்லிக்கொண்டாலும் ஆண்டவன் கேட்பார் என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார் என்றேன். திருச்சபை அதைப் பிறகு கண்டித்ததை நான் சொல்லவில்லை.

அங்கிள் கவனமாகக் கேட்டார். "அவரு சாமியாருங்களா, வக்கீலுங்களா?"

"ரெண்டும்தான் அங்கிள்."

"அப்ப இதை எழுதினது வக்கீலுங்க."

செந்தில் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. அவர்கள் பக்கத்தில் வழக்குத் தீராவிட்டால் மாரியம்மன் கோயிலில் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்களாம். வாய்க்கால் தண்ணீர் முறை பற்றி இரண்டு குடும்பங்களுக்குள் ஒரு தகராறு. அவருடைய மாமா சூடம் அணைத்தார்.

"அவரு சொன்னது ஒவ்வொண்ணும் நெசமுங்க. மடையை அவரு திறக்கலை. ஆனா திறந்தது யாருன்னு அவருக்குத் தெரியும். அதைச் சொல்லலை. கேக்கலை, சொல்லலைன்னாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த ரெண்டு குடும்பமும் ஒரு வாய்த் தண்ணி பொழங்கறதில்லைங்க."

"அப்பா, அது வாய்க்கா மேட்டர். இது இமிக்ரேஷன்."

"சத்தியத்துல என்னடா வாய்க்கா சத்தியம், ஏரோப்ளேன் சத்தியம்?"

5

அதிகாரி நடுவயதுப் பெண். முகத்தில் களைப்பு இருந்தாலும் பேச்சில் மரியாதை இருந்தது. நாங்கள் இருவரும் கை உயர்த்தினோம். குடிமைக் கேள்விகள் நன்றாகவே போயின. ஜனாதிபதியால் பணியாற்ற முடியாமல் போனால் யார் பொறுப்பேற்பார் என்று கேட்டதற்கு, "துணை ஜனாதிபதி. அவரும் போயிட்டா சபாநாயகர். அவரும் போயிட்டாருன்னா இந்த அம்மிணியைக் கேளுங்க" என்றார் அங்கிள். அதையும் நான் அப்படியே சொன்னேன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு உறுதிமொழியின் பிரதியை எடுத்தார். இதன் பொருள் புரிகிறதா, இதை முழு மனத்தோடு எடுக்கச் சம்மதமா என்று கேட்டார். நான் தயாரித்திருந்த தமிழ் வடிவத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். மனத்துக்குள் எதையும் நிறுத்தி வைத்துக்கொள்ளாமல் என்ற இடம் வந்ததும் அங்கிள் கையை லேசாக உயர்த்தினார்.

"இப்படிக் கேக்கறாங்கன்னா நான் சொல்லிப்போடறதுதான் நல்லதுங்க. என்ற சம்சாரம் ஊர்ல படுத்திருக்குது. நான் இந்தக் குடியுரிமை வாங்கறதே அவகூடப் போயி இருக்கறதுக்குத்தான். வாங்கின கையோட போயிருவேன். இந்த ஊருக்குத் துரோகம் நினைக்க மாட்டேன். ஆனா இங்க இருப்பேன்னு நெனச்சு இவங்க குடுக்கறதா இருந்தா, அது தப்புங்க. இதைச் சொல்லுங்க அம்மிணி."

அங்கிள் சம்மதமாகத் தலையையும் ஆட்டி முடித்திருந்தார்; உயர்த்திய கையை மேசைமேல் வைத்துவிட்டார். நான் "சம்மதம் என்கிறார், மனைவி நலமில்லாமல் இருப்பதால் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டார்" என்று சொல்லியிருந்தால் போதும். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மீதியை நான் மனத்துக்குள் முடித்துக்கொண்டிருக்கலாம். நூலகத்தில் படித்த வாதங்கள் எல்லாம் எனக்கு உதவ வரிசையில் நின்றன. நவார்க்காரர் கேட்ட தகுந்த காரணமும் கோபியில் ஒரு கட்டிலில் படுத்திருந்தது.

முழுவதையும் சொன்னேன்.

அதிகாரியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. இந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவாரா என்றார். "சோறு போட்ட ஊருங்க. பேரன் பேத்தி இங்கதான இருக்குது" என்றார் அங்கிள். எப்போது திரும்பி வருவார் என்றார். "சரசு இருக்கற வரைக்கும் அங்கதானுங்க. அதுக்கு மேல என்னைக் கேட்டா எப்படிச் சொல்றது?"

அதிகாரி எழுந்து மேலதிகாரியிடம் போனார். திரும்பி வந்து, இன்று முடிவு சொல்ல இயலாது, கோப்பை மறுபடியும் பார்க்க வேண்டும், கடிதம் வரும் என்றார். அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை.

6

பிறகு எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். குடியுரிமை பெற்றவர் எங்கே வாழ வேண்டும் என்று சட்டம் இப்போது கட்டுப்படுத்துவதில்லை. அங்கிள் சொன்னதில் குற்றம் ஏதும் இல்லை. அதிகாரி எச்சரிக்கையாக இருந்திருக்கிறார், அவ்வளவே என்றார். ஆறுதலாக இருந்தது. ஆனால் கடிதம் வரவில்லை. காத்திருக்கும்போது வெளிநாடு போகத் தடை இல்லைதான். திடீரென்று அழைப்பு வந்து அங்கிள் இங்கே இல்லாமல் போனால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும் என்று செந்தில் பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டார். அங்கிளும் சரி, இருந்து முடித்துவிட்டே போகலாம் என்றார்.

அந்த இடைவெளியில் சரசுவதி அம்மா குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் அறுவை நடந்தது. கணவர் பக்கத்தில் இல்லை.

செந்தில் என் வீட்டு வாசலில் நின்றபடியே பேசினார்; உள்ளே வரவில்லை. "ஒரு வார்த்தை, அக்கா. ஒரே ஒரு வார்த்தை நீங்க விட்டிருந்தீங்கன்னா, அப்பா அம்மா பக்கத்துல இருந்திருப்பாரு. அங்க ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் பாட்டில் தூக்கிட்டு நின்னது என் தங்கச்சி மாமியார்."

"அப்பா சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன், செந்தில்."

"அவருக்கு எதைச் சொல்லணும்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும் என்பது உண்மைதான்.

இந்த நாட்களில் என் மனம் அடிக்கடி எங்கள் கடற்கரைக்குப் போனது. என் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற கதையை நாங்கள் சிறு வயதில் வீரக்கதைபோலக் கேட்டு வளர்ந்தோம். பெரியவளான பிறகு படித்தது வேறு. முத்துக்குளிக்கும் கடலைப் போட்டியாளர்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளப் போர்ச்சுகீசியரின் துணை தேவைப்பட்டது. துணைக்கு விலையாக ஊர் ஊராக நீர் ஊற்றிக்கொண்டார்கள். புனிதர் வந்தது அதற்குப் பிறகுதான். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களை வைத்து விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, விசுவசிக்கிறீர்களா என்று கேட்டார். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, ஆம் என்றார்கள். மனத்தில் எதை வைத்துக்கொண்டு சொன்னார்கள்? கடலை வைத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவர்களுடைய வழிவந்த நான், ஞாயிறு தவறாமல் அதே பிரமாணத்தைச் சொல்கிறேன். வேறெதையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. பாதியாகச் சொன்ன ஆம், பல தலைமுறை வாழ்ந்து முழுமையானது என்று கொள்ளலாமா? அப்படியானால் நான் அறையில் செய்தது தேவையற்ற பிடிவாதம். கொள்ளக் கூடாதென்றால், நான் நிற்கும் தரையே சரியில்லை. இரண்டு பக்கமும் நடந்து பார்த்தேன். எந்தப் பக்கமும் உட்கார முடியவில்லை.

7

கடைசியில் இரண்டாம் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. செந்தில் என்னைக் கூப்பிடவில்லை. எடிசனில் இருக்கும் நண்பர் ஒருவரை மொழிபெயர்க்க அழைத்துப் போனார். அன்று மாலையே அங்கிள் தொலைபேசியில் அழைத்தார்.

"பாஸ் பண்ணிட்டாங்க அம்மிணி. வேற ஆபீசரு. சிரிச்சுக்கிட்டே கையைக் குலுக்கினாரு."

"ரொம்பச் சந்தோஷம் அங்கிள்."

"நான் அதே மாதிரி எல்லாத்தையும் சொன்னேனுங்க. நாலு வாக்கியம் பேசியிருப்பேன். அந்தத் தம்பி ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. இங்கிலீசுல அவ்வளவு சுருக்கமா வருமுங்களா?"

வராது என்றேன்.

"அப்ப என்ற சத்தியம் சேருமா, சேராதா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். நான் அவரிடம் சொன்னவற்றிலேயே மிகவும் நேர்மையான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

உறுதிமொழி ஏற்பு விழாவுக்கு என்னை வரச் சொல்லி அவரே அழைத்தார். மகன் எதிர்க்கவில்லை, என்னிடம் பேசவுமில்லை. பெரிய அரங்கு. பல நாட்டு மக்கள், சிறிய கொடிகள், புதுச் சட்டைகள். மேடையிலிருந்து அதிகாரி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, எல்லோரும் வலக்கையை உயர்த்தி வரிவரியாகத் திருப்பிச் சொன்னார்கள். அங்கிளின் இடக்கையில் நான் முன்பு எழுதித் தந்த தமிழ் வடிவம் இருந்தது. ஆங்கிலச் சொற்கள் அரங்கில் அலையாக எழுந்து விழ, அவர் தமக்கான வேகத்தில் தமிழில் வாசித்துக்கொண்டே வந்தார். எல்லோரும் முடித்துக் கைதட்டத் தொடங்கிய பிறகும் அவர் முடிக்கவில்லை. தாளை இடக்கையாலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வலக்கையை இறக்காமல், சந்தையில் விலை பேசும் குரலில் சொன்னார்:

"நான் ஊருக்குப் போவேன். சரசுகூட இருப்பேன். இந்த ஊருக்குத் துரோகம் பண்ண மாட்டேன். இதுக்கு மேல என்ற மனசுல ஒண்ணும் இல்லை."

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ அவரையும் சேர்த்துக் கைதட்டினார்கள். அந்த அரங்கில் அவர் சொன்னது புரிந்தவர்கள் அவர் மகனும் நானும் மட்டும். செந்தில் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது சிரிப்பினாலா அழுகையினாலா என்று பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை.

வாயில் பாதி, மனத்தில் பாதி என்று பிரித்த நவார்க்காரர், முழுவதையும் வாயால் சொல்லியும் ஒருவருக்கும் விளங்காமல் போன இந்தச் சத்தியத்தை எந்த வகையில் சேர்த்திருப்பார் என்று வீடு திரும்பும்வரை யோசித்தேன்.

8

அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் இந்தியாவில் காலவரையின்றித் தங்குவதற்கான அட்டையும் கைக்கு வந்ததும் அங்கிள் கோபிக்குப் போய்விட்டார். இப்போது அங்கேயே இருக்கிறார். ஒருநாள் வீடியோ அழைப்பில் சரசுவதி அம்மாவைக் காட்டினார். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர், வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினார்.

"எலும்பு ஒடிஞ்சப்ப வராத மனுசன், இப்ப வந்து கஞ்சி ஊத்தறாரு. ஏம்மா, நீதான அந்தப் பொண்ணு? இவருக்குத்தான் புத்தியில்லை. சத்தியம் பெருசா, நான் பெருசா?"

"அட, அதையேன் அம்மிணிகிட்டக் கேக்கறே?" என்று பின்னாலிருந்து அங்கிளின் குரல் கேட்டது.

"உங்களைக் கேட்டா வாய்க்கா கதை சொல்லுவீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். சரசுவதி அம்மா கையை ஆட்டி மறுத்தார். மன்னித்ததாக அதை எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. செந்தில் கடையில் எதிர்ப்பட்டால் தலையசைக்கிறார். அதற்கு மேல் பேச்சில்லை.

நான் மொழிபெயர்க்கப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் யாராவது அழைத்தால், தேதி குறிப்பதற்கு முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய், பெரியவரையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து, அறைக்குள் அவர் சொல்வது அனைத்தையும் சொல்வேன், எதையும் விடமாட்டேன், அதனால் காரியம் தாமதப்படலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளில் பலர் யோசித்துச் சொல்வதாகக் கூறி வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள். என்னை அழைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.